உப்புத் தண்ணி பட்ட தலை

வலிக்குதுன்னு தலையை முன்னாடி இழுத்தா இன்னும்தான் வலிக்கும். பின்னாடி சாய்ச்சுக் குடு. ஆங், அப்படி. உப்புத் தண்ணி பட்ட தலைம்மா இது. சும்மா சீப்பைப் போட்டு இழுத்தா கொத்துக் கொத்தா கையோட வந்துடும். எண்ணெய் வெச்சு, நுனியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல வரணும். எனக்கு அவசரமில்ல. உனக்கு என்ன அவசரம்? இந்தத் தீவுல உனக்காக யாரு காத்துக்கிட்டு நிக்கிறா?

வந்துடுவாங்க. இப்பத்தானே கிளம்பினாங்க. பாறைன்னா என்ன, கூப்பிடு தூரமா? தீவைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போகணும். நங்கூரம் போடணும். எங்கண்ணன் அந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு ஏணியில இறங்கணும். அப்புறம் உன் பொண்ணு பட்டாணியை இறக்கணும். அவ சும்மா இறங்குவாளா? இது என்ன மீனு, தண்ணி ஏன் பச்சையா இருக்கு, தாத்தா எந்த எடத்துல இருக்காரு, எங்கப்பா எந்த எடத்துல இருக்காருன்னு பெரியப்பா உசிரை எடுத்துடுவா. ஆறு வயசுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான். அத்தை மாதிரியே இருக்கான்னு எல்லாரும் சொல்றாங்க. நீ மட்டும் சொன்னதில்ல.

மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. நேத்தே சொன்னேனா இல்லையா? ஆறு வயசு ஆனா பிள்ளையைப் பாறைக்குக் கொண்டு போய்க் காட்டணும், அம்மாக்காரி கூட வரக் கூடாது. எங்கப்பா வெச்ச வழக்கம். அம்மா பக்கத்துல இருந்தா பிள்ளை அம்மா மூஞ்சியைத்தான் பாக்கும், கடலைப் பாக்காதும்பாரு. என்னையும் அப்படித்தான் கொண்டு போனாரு, உன் புருஷனையும் அப்படித்தான். போற வழியெல்லாம் வாந்தி எடுத்தான் உன் புருஷன். பட்டாணி எடுக்க மாட்டா. அவ கெட்டி.

இந்தத் தீவுக்கு நாங்க வந்ததே ஒரு தப்பாலதான், தெரியுமா? அதையும் சொல்லலையா தம்பி? எதைத்தான் முழுசா சொன்னான் அவன். பாதி பேச்சுல தூங்கிடுவான். மெத்தைக் கடைக்காரன் பிள்ளைக்குத் தூக்கத்துக்கு என்ன குறைச்சல்.

அப்பா அப்பத்தான் கடை போட்டிருக்காரு. இந்த விடுதிக்காரரு எல்லா ரூமுக்கும் மொத்தமா மெத்தை கேட்டாரு. பஞ்சு மெத்தை, நடுவுல குஞ்சம் வெச்சுத் தெச்சது. அப்பாவே படகுல ஏத்திக்கிட்டு வந்தாரு. ரூம் ரூமாப் போட்டுட்டு வந்தவரு, கடைசி மெத்தையில ஓரத் தையல் பிரிஞ்சிருக்கேன்னு ஊசியை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாரு. தெச்சு முடிச்சு நிமிர்ந்து பாத்தா படகு போயிடுச்சு. அவ்ளோதான். அடுத்த படகு வர்ற வரைக்கும் ஒரு வேலையும் இல்லாம இந்தக் கரையில உக்காந்திருக்காரு மனுஷன். பொறந்ததுலேருந்து சும்மா உக்காந்து பழக்கமே இல்லாத ஆளு. யாரோ வலை போடுறவரு பாவம் பாத்துப் பாறை வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்காரு. அங்க தண்ணியில முங்கினப்போ ஏதோ கேட்டுச்சாம். என்ன கேட்டுச்சுன்னு கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல. வீட்டுக்கு வந்து, இனிமே வருஷா வருஷம் எல்லாரும் தீவுக்குப் போறோம்னாரு. எனக்கு அப்போ அஞ்சு வயசு. அன்னிலேருந்து இதே விடுதி, இதே ரூம்.

மத்தவங்க வீட்டுப் பிள்ளைங்க லீவுல விளையாடுவாங்க. நாங்க விடியக்காலையில வரிசையா இடுப்பளவு தண்ணியில நிக்கணும். பேசக் கூடாது, சொறியக் கூடாது. போதும்னு அப்பா சொல்ற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு நிக்கணும். எங்கண்ணன் நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிடுவான். திடீர்னு வெதுவெதுப்பா வருதேன்னு நானும் தம்பியும் தள்ளித் தள்ளி நிப்போம். அப்பா அதைப் பாத்துட்டு, பாரு, பிள்ளைங்களுக்கு உள்ள ஏதோ அசையுதுன்னு அம்மாகிட்ட சொல்வாரு. அதுதான் எங்க வீட்டு ஆன்மிகம்.

சிரி, சிரி. சிரிச்சா நல்லாத்தான் இருக்கே. தலையை மட்டும் ஆட்டாதே, எடுத்த சிக்கு மறுபடி விழுந்துடும்.

அப்புறம் எதுவா இருந்தாலும் பாறையிலதான் கேக்கறதுன்னு ஆகிப்போச்சு. கடையை மாத்தலாமா, பஞ்சை விட்டுட்டு ஃபோமுக்குப் போகலாமா, அண்ணனுக்கு எந்தப் பொண்ணு? அப்பா முங்குவாரு, நாங்க படகுல உக்காந்து தண்ணியையே பாத்துக்கிட்டு இருப்போம். வெளிய வந்து, மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, சொல்லிட்டாரும்பாரு. யாரு சொன்னாருன்னு கேட்டா, கடவுள்தான், வேற யாரும்பாரு. அவரு செத்து, சாம்பலைப் பாறைகிட்ட கரைச்சப்புறம் அந்த வேலைக்கு அவரே வந்துட்டாரு. அடுத்த வருஷம் அண்ணன் முங்கி எழுந்து, அப்பா சொல்லிட்டாருன்னான். பாதிக் கடையை வித்துடுன்னாராம். நாங்க எல்லாரும் அழுதோம். உயிரோட இருந்தப்போ அந்த மனுஷன் எங்ககிட்ட இவ்ளோ பேசினதே இல்ல.

தம்பி சாம்பலும் அங்கதான். உனக்குத் தெரியாததா. போன வருஷம் நீ இந்த ரூம்லதானே கிடந்தே, ரெண்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டு.

இல்ல, இந்த வருஷம் அண்ணன் முங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காதுச் சவ்வு ஓட்டை. தலையில தண்ணியே படக் கூடாதாம். குளிக்கும்போதுகூடப் பஞ்சை அடைச்சுக்கிட்டுத்தான் குளிக்கிறான். காலம்பூரா ஊருக்கெல்லாம் பஞ்சு வித்தவன், கடைசியில தன் காதுக்கு வாங்கறான். அப்போ நேத்து நாங்க பாறைக்குப் போனப்போ யாரு முங்கினதுன்னா கேக்கறே? அதுக்கென்ன, அப்புறம் சொல்றேன். கதையில கதை வந்தா எனக்கு எடம் விட்டுப் போயிடும்.

நான் வேற ஒண்ணு உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். நேத்துக் காலையில நீ தண்ணியில நின்னே பாரு. நாங்க எல்லாரும் நின்னோம், அது வேற. நீ கண்ணை மூடிக்கிட்டு நின்னே, அப்புறம் இடது கையை இப்படி லேசா தண்ணிக்கு மேல தூக்கினே, யாரோ பிடிக்கிறதுக்குக் குடுக்கிற மாதிரி. தம்பி உன் இடது பக்கம்தானே நடப்பான்? ரோட்டுலகூட மாறி வர மாட்டானே. அழுதே, சத்தமே இல்ல. கண்ணைத் திறந்தப்போ உன் மூஞ்சி இருந்துச்சே, எப்படிச் சொல்றது, புதுசா உறை மாத்தின தலகாணி மாதிரி. ஒரு சுருக்கம் இல்ல.

வந்தானா?

சொல்ல வேண்டாம் விடு. தெரிஞ்சுது. எனக்கு அங்கேயே உன் தலையைப் பிடிச்சு முக்கிடலாமான்னு வந்துச்சு. ஏய், விளையாட்டுக்குச் சொன்னேன், ஏன் இப்படித் தோளைக் குறுக்கறே? அஞ்சு வயசுலேருந்து நிக்கிறேன்மா நான். ஒரு வருஷம் விடல. குளிர் வந்திருக்கு, கால்ல நண்டு கடிச்சிருக்கு. வேற எதுவும் வந்ததில்ல. நீ எங்கேயோ ஆய்வுக்கூடத்துல ரத்தம் எடுத்துக்கிட்டு இருந்த பொண்ணு, நேத்து வந்து நின்னே, ஒரே நாள்ல உனக்குக் கிடைச்சுடுச்சு. எங்க குடும்பத்துல இத்தனை வருஷத்துல யாருக்காவது உண்மையா ஏதாவது கேட்டிருக்குன்னா அது உனக்குத்தான். அதுலயும் நீ வெளியாளு.

வெளியாளுதான். கோச்சுக்காதே. நீயே போறேன்னு சொல்லிட்டப்புறம் என்ன சொல்றது? பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு, வேற ஊரு, பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்னு கடைக்கு மேல வந்து நின்னு சொன்னியே. என் கையில அப்போ கத்திரிக்கோல். உறைத்துணி வெட்டிக்கிட்டு இருந்தேன். நேர்கோடா வந்த துணி அந்த எடத்துல கோணிப்போச்சு. இன்னும் வெச்சிருக்கேன் அந்தத் துண்டை. எங்கண்ணன் ஒண்ணும் சொல்லல. நீ நெனச்சே, நல்ல மனுஷன், ஒத்துக்கிட்டாருன்னு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து தீவுக்குப் போய்ட்டு வந்துடுவோம், பிள்ளைக்கு அப்பாவைக் காட்டின மாதிரி இருக்கும்னு சொன்னப்போ கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டே. உனக்கு நரம்பு பாத்து ஊசி குத்தத் தெரியுது, மனுஷங்களைப் பாக்கத் தெரியல.

சும்மா சொன்னேன். உக்காரு.

ஹாரனா? ஆமா. சாமான் படகு. அரிசி, காஸ் சிலிண்டரு எல்லாம் இறக்கிட்டுத் திரும்புது. நாம வந்தோமே, அதேதான். அது பாட்டுக்குப் போகட்டும், நமக்கென்ன? நாம வியாழக்கிழமைதானே போறோம்.

எந்த நீலப் பை? பட்டாணி பையா? மூலையிலதான் இருந்துச்சு. அடியில ஈரமா இருந்துச்சுன்னு வெயில்ல போட்டிருக்கேன். அதுக்குள்ளயே நீச்சல் துணியைச் சுருட்டி வெச்சிருக்கே, அம்மாக்காரிக்கு அதுகூடப் பாக்க நேரமில்ல. போன் எதுக்கு இப்போ? இங்க எங்க டவர் கிடைக்குது? படகுத்துறையில நின்னு கையைத் தூக்கினாத்தான் ஒரு கோடு வரும். சார்ஜ்ல மாட்டியிருக்கேன். ஜெனரேட்டர் சாயங்காலம்தான் போடுவாங்க. பொறு. பாதி எடுத்தாச்சு, மீதியையும் எடுத்துப் பின்னி விட்டுடறேன். பாதித் தலையோட வெளிய போனா பைத்தியம்னு நினைப்பாங்க. எனக்கு அது நடந்திருக்கு, அதனாலதான் சொல்றேன்.

எனக்கு ஏன் கல்யாணமாகலைன்னு தம்பி உங்கிட்ட என்ன சொன்னான்? எனக்குக் கல்யாணமே பிடிக்கலைன்னா? அப்படியா சொன்னான்? நல்ல பையன்.

ஒருத்தரு இருந்தாருடி. பள்ளிக்கூடத்துல படம் வரையச் சொல்லித் தர்ற வாத்தியாரு. கடைக்குத் தலகாணி வாங்க வந்தாரு. வாங்கின தலகாணியை மறுநாளே கொண்டு வந்து, ரொம்ப மெத்துன்னு இருக்கு, மாத்திக் குடுங்கன்னாரு. அதுக்கு அடுத்த நாள் வந்து, ரொம்ப கெட்டியா இருக்குன்னாரு. நாலாவது தடவை வந்தப்போ, உங்களுக்குத் தலகாணி வேணுமா இல்ல வேற ஏதாவதான்னு கேட்டுட்டேன். காது ரெண்டும் சிவந்துபோச்சு அவருக்கு. எனக்கு அப்பவும் வாய்தான்.

அப்பா மறுப்பு சொல்லல. கத்தல, அடிக்கல. சரி, தீவுக்கு வரட்டும், கேட்டுப் பாப்போம்னாரு. வந்தாரு அவரும், ஒரு பெட்டி நிறையக் கலரோட. ரெண்டு நாள் எங்களோட தண்ணியில நின்னாரு. மூணாம் நாள் அப்பா அவரைப் பாறைக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. நீ வராதே, நீ இருந்தா அவன் உன் மூஞ்சியைத்தான் பாப்பான்னாரு. எனக்கு ஒரே சந்தோஷம். வெளியாளைப் பாறைக்குக் கூட்டிட்டுப் போனா ஒத்துக்கிட்ட மாதிரிதானே?

அன்னிக்கு அம்மா என்னைக் கூப்பிட்டா. வாடி, தலை முழுக்க உப்பு, எண்ணெய் வெச்சு வாரி விடறேன்னா. இதே நாற்காலிதான். பின்னல் வேற அப்போ, இப்போ ஒயர் போட்டு மாத்திட்டாங்க. அம்மா எனக்குத் தலை வாரி விட்டு எத்தனையோ வருஷமாச்சேன்னு நானும் உக்காந்தேன். மெதுவா எடுத்தா. அவ்ளோ மெதுவா அவ எதையும் செஞ்சு நான் பாத்ததில்ல. அவ சின்ன வயசுக் கதை, அவ கல்யாணக் கதை, நான் பொறந்த கதை, எல்லாம் சொன்னா. அம்மாவுக்கு இவ்ளோ பேசத் தெரியுமான்னு ஆச்சரியமா இருந்துச்சு. இடையில ஹாரன் கேட்டுச்சு. நான் திரும்பினேன். அவ என் தாடையைப் பிடிச்சு நேரா வெச்சு, திரும்பாதே, பின்னல் கோணிடும்னா.

ஆமாடி. அதேதான்.

அவரு ரூம்ல போய்ப் பாத்தா கலர்ப் பெட்டி இல்ல. நானே போகச் சொன்னதா அவருகிட்ட சொல்லியிருக்காங்க. நேர்ல சொல்லத் தைரியமில்லாம உள்ள உக்காந்து தலை வாரிக்கிட்டு இருக்கான்னு. பொய்யுன்னு எப்படிச் சொல்ல முடியும்? வாரிக்கிட்டுத்தானே இருந்தேன். அவரு நின்னு பாத்தாராம் கொஞ்ச நேரம். இந்த ஜன்னல் வழியா என் முதுகு தெரிஞ்சிருக்கும்.

எழுந்திரிக்காதேன்னு சொன்னேன்ல. எழுந்து எங்க ஓடப் போறே? படகுத்துறைக்கா? நானும் ஓடினேன், பாதிப் பின்னலோட. அங்க கயிறு கட்டுற கல்லு இருக்கும், அதுல ஈரம் இருக்கும், வேற ஒண்ணும் இருக்காது. தண்ணியில கொஞ்ச தூரம் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், அதுவும் நீ பாத்துக்கிட்டு இருக்கும்போதே கலைஞ்சிடும். விடுதிக்காரங்க ஒரு மாதிரி பாப்பாங்க. அடுத்த படகு வியாழக்கிழமைதான். கத்து, எவ்ளோ வேணா கத்து, தண்ணி வேணுமா? எனக்கு அம்மா தண்ணிகூடக் குடுக்கல.

பாறைக்கா? பாறைப் பக்கமே போகல அண்ணனும் பட்டாணியும். துறைக்குப் பின்னாடி நிழல்ல உக்காந்து ஹாரனுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. பையும் அவகூடத்தான் போச்சு. ஈரமெல்லாம் இல்ல, நல்லா மடிச்சுத்தான் வெச்சேன்.

போலீஸுக்குப் போ, கோர்ட்டுக்குப் போ. வேண்டாங்கல. என்னன்னு சொல்லுவே? பிள்ளை பெரியப்பாகூட வீட்டுக்குப் போயிடுச்சுன்னா? நீ அங்க வந்து சேர்றதுக்குள்ள அவளுக்கு மாடி ரூம்ல கட்டில் போட்டு, மெத்தை போட்டாச்சுன்னு வெச்சுக்கோ. சின்ன மெத்தை, நானே தெச்சது, ஓரத்துல மீனு மீனா வெச்சு. நீ வேலையில சேரு, லீவு கிடைக்கும்போது வந்து பாரு. யாரு தடுத்தா? வருஷா வருஷம் இங்கயும் வரலாம் நீ. உனக்குத்தான் இங்க ஆளு இருக்கானே.

அழுதாளான்னா? இல்லையே. அம்மா வரலையான்னு கேட்டா. அம்மா தலை வாரிக்கிட்டு இருக்கா, வந்துடுவான்னேன். சரின்னு தலையாட்டிட்டு நடந்துட்டா. நாலடி போய்த் திரும்பி வந்து நீச்சலுக்கு மாட்டியிருந்த தண்ணிக் கண்ணாடியைக் கழட்டி எங்கிட்ட குடுத்தா. அம்மா கண்ணு நேத்து ரொம்பச் சிவந்திருந்துச்சு அத்தை, உப்புத் தண்ணி, இதை மாட்டிக்கச் சொல்லுங்கன்னா. அந்தா, ஜன்னல் கம்பியில மாட்டி வெச்சிருக்கேன். உனக்குப் பத்தாது, சின்னது.

எங்கண்ணனைத் திட்டாதே. அவன் பாவம். பிள்ளை அம்மாகிட்டதானே இருக்கணும், போகட்டும் விடுன்னுதான் நேத்து படகுல ஏறும்போதே சொன்னான். இருந்தாலும் அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுடுவோம், கேக்காம எதுவும் செஞ்சதில்லன்னான். பாறைகிட்ட போனப்புறம்தான் காது ஞாபகம் வந்துச்சு அவனுக்கு. பஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறான். அப்புறம் என்னைப் பாத்தான். நீ முங்குறியான்னான்.

இத்தனை வருஷத்துல என்னை யாரும் கேட்டதில்லடி. பொம்பளைங்க முங்கறதில்ல. நேத்து அவன் கேட்டான். முங்கினேன்.

ஒண்ணும் கேக்கல. அடியில கூழாங்கல்லு உருளுற சத்தம், கடைக்குப் பின்னாடி மிஷின் ஓடுமே, அது மாதிரி. அவ்ளோதான். அப்பாவும் இல்ல, தம்பியும் இல்ல. மூச்சு முட்டுற வரைக்கும் பாறையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். போகட்டும்னு சொல்லிடலாம்னுகூட நெனச்சேன், வாய் வரைக்கும் வந்துச்சு. மேல வந்தா அண்ணன் காதுல பஞ்சோட, சின்னப் பிள்ளை மாதிரி என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கான். மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டேன். பட்டாணியை விட்டுடாதீங்கன்னு அப்பா சொல்றாருன்னேன்.

அழுதான் அவன். காலைத் தொட்டுக் கும்பிட்டான் என்னை.

உக்காரு. இன்னும் ரெண்டு சிக்குதான். திரும்பாதே, பின்னல் கோணிடும்.